ஒரு மேசை, ஒரு நாற்காலி

சாவி: ...பெட்டி மூடி மேல எழுதாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது! பக்கவாட்டுல எழுதுங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிட்டா, மூடியில எழுதினது யாரு கண்ணுக்குத் தெரியும்?

வயர்: அடுக்கினவன் கண்ணுக்கு.

சாவி: அடுக்கினவன் வண்டியோட போயிருவான். பிரிக்கப்போறது நாமதான்.

வயர்: ஆபீஸ் காலி பண்ற அன்னைக்காவது என்னைத் திட்டாம இருக்கக் கூடாதா, சாவிம்மா?

சாவி: ஆபீஸ்தானே மாறுது, நான் மாறலையே. இந்தாங்க, இந்தக் கொத்தைப் பிடிங்க.

வயர்: எனக்கு எதுக்கு?

சாவி: பச்சை நூல் கட்டினது புது பைல் ரூம். சிவப்பு நூல் ஆடிட்டரம்மா ரூம். நூல் இல்லாதது பாத்ரூம்.

வயர்: எந்தக் கதவைத் திறக்கணும்னாலும் உங்ககிட்டதான் வரணும். அதனாலதானே ஆபீஸே உங்களைச் சாவின்னு கூப்பிடுது? நீங்க இருக்கும்போது நான் எதுக்கு...

சாவி: கேட்டுக்கிட்டா காது அறுந்து போயிடுமா? அந்த பைல் ரூம் பூட்டு முரண்டு பிடிக்கும். கதவை நம்ம பக்கம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பணும். தள்ளிக்கிட்டுத் திருப்பினா விடிஞ்சிரும்.

வயர்: சரி, இழுக்கறேன். நீங்க இங்க வாங்க. இந்தக் கறுப்புப் பெட்டியைப் பாருங்க. ஆபீஸ்ல இருக்கற எல்லா கம்ப்யூட்டருக்கும் இதுதான் தாய்.

சாவி: தாயோ பிள்ளையோ, எனக்குப் பாத்தாலே தலை சுத்துது.

வயர்: சுத்தட்டும். ஒவ்வொரு வயருக்கும் ரெண்டு முனையிலயும் ஒரே நம்பர் ஒட்டியிருக்கேன். கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து உங்க போனுக்கு அனுப்பிட்டேன்.

சாவி: என் போனுக்கா? உங்களுக்குப் பேரே வயர். உங்க போன்ல வச்சுக்கறதை விட்டுட்டு...

வயர்: அழிச்சிராதீங்க. நிறுத்தும்போது இது கடைசி. போடும்போது இது முதல். எங்க, ஒரு தடவை சொல்லுங்க.

சாவி: நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?

வயர்: சொல்லுங்கன்னா...

சாவி: நிறுத்தும்போது கடைசி. போடும்போது முதல். போதுமா? ஒரே நாள்ல என்னை இன்ஜினியர் ஆக்கப் பாக்கறீங்க.

வயர்: இல்ல... புது எடத்துல நம்ம ரெண்டு பேர் வேலையையும் ஒருத்தரே பாத்துக்கணும்னு ஆடிட்டரம்மா சொன்னாங்களே, அதுக்காகச் சொன்னேன்.

சாவி: எல்லாரையும் உக்கார வச்சு சொன்னதை மறப்பேனா? ரெண்டு மாடி ஒரு மாடியாயிருச்சு. ஆளும் பாதியாயிருச்சு. கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆனப்புறம் அதை மேய்க்க ரெண்டு பேர் எதுக்கு?

வயர்: அந்த ஒருத்தர் யாருன்னு திங்கட்கிழமைதான் சொல்வாங்களாம்.

சாவி: ம்... உங்ககிட்ட இதைப் பத்தித் தனியா ஏதாவது பேசினாங்களா?

வயர்: என்கிட்டயா? இல்லையே. உங்ககிட்ட?

சாவி: என்கிட்ட எங்க... அந்த டேப்பை எடுங்க.

வயர்: எங்க வச்சீங்க?

சாவி: உங்க கையில இருக்கு.

வயர்: அட, ஆமா.

சாவி: தூக்கக் கலக்கம். பிள்ளைங்க தூங்க விடலையா?

வயர்: ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு எழுப்பி விட்டுருது. ரெண்டும் முறை போட்டு அழுதுங்க.

சாவி: அழட்டும். அந்தச் சத்தத்தைக் கேக்கத்தானே இத்தனை வருஷம் புருஷனும் பொண்டாட்டியும் தவம் கெடந்தீங்க.

வயர்: அது சரிதான். உங்க பொண்ணுக்கு இது கடைசி வருஷமா?

சாவி: இதுக்கு அடுத்தது. அவங்க அப்பா போனப்புறம் எப்படியோ தள்ளிக்கிட்டு வந்துட்டேன்... இப்பத்தான் கரை கண்ணுக்குத் தெரியுது. சரி, கதை போதும். வண்டி ஹாரன் அடிக்கிறான்.

*

வயர்: அப்பாடா! இதோட எல்லாம் வந்தாச்சு. ஒரு கண்ணாடி உடையல, ஒரு பைல் தொலையல.

சாவி: அந்த இரும்பு பீரோதான் லிப்டுக்குள்ள வரமாட்டேன்னு அடம் பிடிச்சுது.

வயர்: கதவைக் கழட்டினதும் சமத்தா வந்துச்சே. நல்ல யோசனை உங்களோடது.

சாவி: நீங்களா என்னைப் பாராட்டறது? மழை வரப்போகுது, ஜன்னலைச் சாத்துங்க.

வயர்: உண்மையைச் சொன்னேன். இனி அவங்கவங்க வந்து உக்காந்து வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சாவி: கதவுப் பக்கத்துல இருக்கே, அந்த எடம் ஒண்ணுதான் சரி பாக்கல.

வயர்: அதா... அது நம்ம எடம்தானே. நம்மள்ல ஒருத்தர் எடம்.

சாவி: உக்காந்து பாருங்க.

வயர்: நீங்க உக்காருங்க.

சாவி: முதல்ல நீங்க.

வயர்: அட, காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. உக்காருங்கன்னா!

சாவி: சரி... ஐயோ! என்னங்க இது, மேசை என் தாடைக்கு வருது!

வயர்: என்னது? எந்திரிங்க, நான் பாக்கறேன்... ஏய்!

சாவி: உங்களுக்கு முட்டி மூக்கை இடிக்குதே! நாற்காலி என்ன தரையோட தரையா கெடக்கு?

வயர்: மேசைதான் மச்சுல கெடக்கு. சிரிக்காதீங்க! யாரு இதை இவ்வளவு உசத்தினது?

சாவி: அதை யாரு அவ்வளவு இறக்கினது?

வயர்: முதல்ல மேசைக்குப் பதில் சொல்லுங்க.

சாவி: ...நான்தான். காலையில முதல் வண்டியோட வந்தப்போ, இங்க வேலை பாத்த தச்சர்கிட்ட நாலு காலுக்கும் அடியில கட்டை கொடுக்கச் சொன்னேன்.

வயர்: எதுக்கு?

சாவி: பழைய மேசையில தினமும் முட்டியை இடிச்சுக்கிட்டு 'ஆ'ன்னு கத்துவீங்களே, அதுக்குத்தான். நாற்காலிக்கு என்ன பதில்?

வயர்: நான்தான் இறக்கினேன். வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடியே. திரும்ப ஏறாதபடி ஸ்குரூ போட்டு இறுக்கிட்டேன்.

சாவி: ஏன்?

வயர்: கால் எட்டாம நாளெல்லாம் தொங்கவிட்டு, சாயங்காலம் பாதம் வீங்கி, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு மாடி இறங்குவீங்களே... நான் பாத்ததில்லைன்னு நினைச்சீங்களா?

சாவி: அப்போ இங்க நான்தான் உக்காரப்போறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

வயர்: நான் உக்காருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? சாவிம்மா... ஆடிட்டரம்மா உங்களைக் கூப்பிட்டாங்க, இல்ல?

சாவி: அவங்க கூப்பிடல. நானாத்தான் போனேன், வியாழக்கிழமை. எனக்கு வேற நல்ல வேலை கிடைச்சிருச்சு, வயரை வச்சுக்கங்கன்னு சொன்னேன்.

வயர்: கிடைச்சிருச்சா?

சாவி: இந்த வயசுல எவன் கொடுக்கப்போறான்? உங்க ரெண்டு கைக்குழந்தையையும் பாத்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. அவ்வளவுதான்.

வயர்: உங்க பொண்ணு படிப்பு? கரை தெரியுதுன்னு இப்பத்தானே சொன்னீங்க! கரை தெரியற நேரத்துல யாராவது துடுப்பைத் தூக்கிப் போடுவாங்களா?

சாவி: கத்தாதீங்க. எனக்கு ஏற்கெனவே பயமா இருக்கு.

வயர்: ...அழாதீங்க. ஆடிட்டரம்மா அதை நம்பினாங்களா?

சாவி: நம்பினாங்க. திங்கட்கிழமை வந்து எல்லாத்தையும் உங்ககிட்ட ஒப்படைச்சிட்டுப் போகச் சொன்னாங்க. சரி, நீங்க ஏன் நாற்காலியை இறக்கினீங்க? என்னை வச்சுக்கப்போறாங்கன்னு யாரு சொன்னா?

வயர்: யாரும் சொல்லல. வேற நல்ல வேலை கிடைச்சிருச்சு, சாவிம்மாவை வச்சுக்கங்கன்னு நேத்து நானும் போய் அதே பொய்யைச் சொன்னேன்... அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம், 'திங்கட்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க'ன்னாங்க. ஏன் சிரிச்சாங்கன்னு எனக்கு இப்பத்தான் புரியுது.