மேலே எட்டு, கீழே ஆறு

வாடகைக்கு வீடு விடுகிறவன் முதலில் செய்ய வேண்டியது, சாவிக்கு அட்டை கட்டுவது. எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று எழுதித் தொங்கவிட்டால் பாதித் தலைவலி போயிற்று. என்னிடம் ஐந்து வீடுகள், ஐந்து அட்டைகள். என் பையிலிருந்து எடுத்து உங்கள் ஸ்டேஷன் மேஜைமேல் பரப்பி வைத்திருக்கிறீர்களே, அதுதான். கலைக்காதீர்கள். திரும்ப அடுக்க எனக்குப் பொறுமை கிடையாது.

என் மனைவிக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தது. போகிற ஊரில் வீட்டு விலை மலிவு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இங்கே ஐந்தையும் வாடகைக்கு விட்டுவிட்டு, அதைக் காட்டிக் கடன் வாங்கி, அங்கே ஆறாவதை வாங்குவது என்று திட்டம். பிறகு ஏழாவது, எட்டாவது. தூரத்தில் இருந்துகொண்டு வீடுகளை ஆள வேண்டுமென்றால், குடியிருப்பவர்கள் வாயைத் திறக்காதவர்களாக இருக்க வேண்டும். நான்கு வீடுகளில் அப்படி அமைந்துவிட்டது. ஐந்தாவது, நாங்களே இருந்த வீடு. கீழே நாங்கள், மாடியில் பிழையம்மா.

அது அவருடைய பெயரல்ல. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை, அதனால் தெருவே அப்படிக் கூப்பிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார். தனி ஆள். பதினொரு வருஷக் குடித்தனம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் சுத்தமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகாவது ஓய்ந்து உட்காருவார் என்று பார்த்தால், இல்லை. அச்சகத்தில் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாளாம், இந்த அம்மா காதாலேயே கேட்டு, "அங்க ஒற்று வரும்" என்று சொல்வாராம். தினமும் காலை பத்து மணிக்கு அவரை அழைத்துப்போக அச்சக வேன் வாசலுக்கு வரும்.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு, நான்காவது வீட்டுக்காக ஒரு போர்டு எழுத வைத்தேன். முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அப்போது அவருக்குக் கொஞ்சம் பார்வை இருந்தது. குனிந்து மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் படித்தார்.

"தம்பி, வாடகைக்கு கிடைக்கும்னு எழுதியிருக்கு. வாடகைக்குக் கிடைக்கும். ஒரு க் விட்டுப்போச்சு பாருங்க. அது இல்லன்னா படிக்கிறவங்க நாக்கு தடுக்கி விழுந்துடும்."

பெயின்டர் சிரித்தான். புரோக்கர் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். ஐந்து வீட்டுக்குச் சொந்தக்காரன் நான், ஒரு எழுத்துக்காக என் முற்றத்திலேயே நின்று அசடு வழிந்தேன். அந்த போர்டை அப்படியேதான் மாட்டினேன். க் போடவில்லை.

மாற்றல் உத்தரவு வந்ததும் மேலே போய்ப் பக்குவமாகத்தான் சொன்னேன். ஒரு குடும்பம் கீழும் மேலும் சேர்த்துக் கேட்கிறது, மாடியைக் கொடுத்துவிடுங்கள், வேறு வீடு நானே பார்த்துத் தருகிறேன் என்றேன்.

"நீங்க கேக்குறது நியாயம்தான் தம்பி. ஆனா நான் எங்க போவேன்? இந்த வீட்டுல எனக்குக் கண்ணு தெரியும். மேல எட்டு, திரும்பினா கீழ ஆறு, அப்புறம் வாசல். வேற வீட்டுக்குப் போனா நான் குருடி. வேலைக்கும் போக முடியாது."

இரண்டு முறை நோட்டீஸ் கொடுத்தேன். இரண்டையும் அச்சகத்துப் பெண்ணை விட்டு வாசிக்கச் சொல்லி, பிழை திருத்தித் திருப்பி அனுப்பினார். கேலிக்காகச் செய்தாரா, பழக்க தோஷமா, எனக்குத் தெரியாது. ஆனால் போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு கிழவிக்குப் படி மனப்பாடம் என்பதற்காக நான் ஆறாவது வீடு வாங்காமல் இருக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது அந்தப் படியைப் பற்றிச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், இது எனக்குச் சாதகமான விஷயம். மாடிப்படி நடுவில் ஒரு திருப்பம் இருக்கிறது. மேலிருந்து எட்டுப் படி இறங்கினால் திருப்பத்து மேடை, அங்கிருந்து இடதுபக்கம் ஆறு. அதில் எட்டாவது படி மட்டும் ரொம்ப உயரம். கட்டியவன் கணக்குத் தப்பிக் கட்டியது. "அந்த எட்டாவது எறங்குறப்போ முட்டி கழண்டுடுது. நடுவுல ஒரு கல்லு போட்டு ரெண்டாக்கிக் குடுங்க தம்பி" என்று பிழையம்மா என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். எழுதிக்கொடுத்த கடிதம்கூட என்னிடம் இருக்கிறது. நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊரை விட்டுக் கிளம்புகிற நேரத்தில், அவர் கேட்டதைச் செய்துகொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை லாரியில் சாமான் ஏறியது. மனைவியும் புறப்பட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை கொத்தனாரை வரச்சொன்னேன். கல்லை முன்பே அளந்து அறுத்து வைத்திருந்தோம். கல்லை உட்காரவைக்க இடதுபக்கக் கைப்பிடிக் கம்பி இடித்தது, அதையும் கழற்றச் சொன்னேன். சத்தம் கேட்டு மேலே கதவு திறந்தது.

"என்ன தம்பி, காலங்காத்தால தட்டுறீங்க?"

"கம்பிக்கு பெயின்ட் அடிக்கணும்மா, கழட்டுறோம். எறங்கும்போது செவுத்தப் புடிச்சிக்குங்க."

"போற நேரத்துலயும் வீட்டப் பாத்துப் பாத்துச் செய்யறீங்க. நல்லா இருப்பீங்க தம்பி." கதவைச் சாத்திக்கொண்டார்.

கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டே, "கல்லு போட்டத அம்மாகிட்ட சொல்லிட்டீங்களாண்ணே? எண்ணிட்டுதானே எறங்குவாங்க" என்றார்.

"சொல்லியாச்சு. நீ கெளம்பு" என்றேன்.

அது பொய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லாமல் விட்டால் குற்றம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

நான் கீழே, காலியான கூடத்தில், சாவி அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். பத்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் இறங்க ஆரம்பித்தார். சாமானில்லாத வீட்டில் எல்லாம் துல்லியமாகக் கேட்கிறது. ஒண்ணு, ரெண்டு என்று வாய்விட்டு எண்ணுவார், சின்னப்பிள்ளை மாதிரி. பதினொரு வருஷத்தில் கடைசி இரண்டு வருஷம் தினமும் கேட்ட குரல்தான். ஏழில் நின்றார். எட்டாவது உயரமாச்சே, காலை நன்றாக நீட்டியிருப்பார். பாதியிலேயே கல் தட்டியிருக்கும்.

"எட்டு," என்றார். பிறகு குரலில் ஒரு சந்தோஷம். "தம்பி, இத சரி பண்ணிட்டீங்களா?"

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம்தான். "ஒன்பது" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். கையில் அட்டைக்கயிறு சிக்கிக்கொண்டிருந்தது, அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். திருப்பத்து மேடை இன்னும் ஒரு படி கீழே இருந்தது. அவர் வழக்கம்போல இடதுபக்கம் திரும்பிக் கால் வைத்தார். கம்பி இருந்த இடத்தைக் கை தேடியிருக்கும். பிறகு எண்ணும் சத்தம் கேட்கவில்லை, வேறு சத்தம் கேட்டது.

வேன் வர இன்னும் சில நிமிஷங்கள் இருந்தன. வேன் டிரைவர் நல்ல மனிதர், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவார் என்று தெரியும். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. படிப்பக்கம் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் போனேன். மறுநாள் ரயிலில் இருக்கும்போது, அவர் போய்விட்டார் என்று தகவல் வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்த மாதத்துக்கு மிச்சமிருந்த நாட்களின் வாடகையை அவருடைய தங்கைக்கு அனுப்பினேன்.

வெட்டவெளிச்சமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு விஷயம் பாக்கி. என்னைப் பொறுப்பில்லாதவன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். புதிய போர்டில் க் போட்டேன், போய்ப் பாருங்கள். வீட்டை எடுத்துக்கொண்ட தம்பதிக்குக் கைக்குழந்தை இருக்கிறது. போன மாதம் இங்கே வந்து சாவி கொடுத்தபோது, அந்தப் பெண்ணை நானே படிவரை அழைத்துப்போய், விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினேன்.

"மேல எட்டு இல்லம்மா, ஒன்பது. குழந்தையத் தூக்கிட்டு எறங்குவீங்க, மறந்துடாதீங்க. இதச் சொல்லாம சாவி குடுத்தா நான் மனுஷனே இல்ல" என்றேன்.