தலைவர் நாற்காலிக்கு எத்தனை கிலோமீட்டர்?

ராவ்: கேளுங்கம்மா. "குண்டூர் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பெற்றோர் சங்கத்தின் வரலாற்றுச் சிறப்புமிக்க அறிவிப்பு. எவருடைய பிள்ளை மிகத் தொலைவில் வாழ்கிறதோ, அவரே தலைவர்." விதி எண் ஒண்ணு. நானே எழுதினது.

ஹைமாவதி: உங்களுக்காகவே எழுதினது, ராவ் காரு. அதை மாத்தணும்னுதான் இந்த வெயில்ல வந்திருக்கேன்.

ராவ்: எதுக்கு மாத்தணும்? என் பிரணீத் சிகாகோ. பதிமூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர். உங்க மேகனா ஆக்லாந்து. பதினோராயிரத்துச் சொச்சம். ரெண்டாவது நாற்காலி உங்களுக்குத்தான்…

ஹைமாவதி: அது காக்கா பறக்கிற கணக்கு. என் பொண்ணு காக்காவா? ஹைதராபாத், சிங்கப்பூர், சிட்னி, ஆக்லாந்து… மூணு விமானம், இருபத்தேழு மணி நேரம்! உங்க பையன் தோஹாவுல ஒரே தடவை மாறி இருபத்திரண்டுல இறங்கிடறான்.

ராவ்: நேரத்தை வச்சா தலைவர்? அப்போ பாசஞ்சர் ரயில்ல திருப்பதி போறவன்கூட…

ஹைமாவதி: பேச்சை மாத்தாதீங்க. கடிகாரத்துலயும் நாங்கதான் முன்னால. இங்கே காலை பத்து, அவளுக்குச் சாயங்காலம் ஆயாச்சு. உங்க பையனுக்கு இன்னும் நேத்து ராத்திரியே முடியலை!

ராவ்: நேத்துன்னாலும் அமெரிக்கா நேத்தும்மா.

ஹைமாவதி: ஐயோ… மாடியில என்ன சத்தம்?

ராவ்: பூனை.

ஹைமாவதி: "சிவப்பு விழுந்துடுச்சு"ன்னு கத்துது!

ராவ்: படிச்ச பூனை.

ஹைமாவதி: ராவ் காரு… அது பிரணீத் குரல்!

ராவ்: மெதுவா… மெதுவா. வேலை போச்சு. விசாவும் போச்சு. மூணு மாசமா மாடியிலதான். முடிவெட்டிக்கக்கூட வெளியே விடறதில்லை.

ஹைமாவதி: பதிமூவாயிரத்து இருநூறும் போச்சா! ஹா… ஹா! எழுதுங்க ராஜினாமாவை! நாற்காலியை இப்பவே ஆட்டோவுல ஏத்தறேன். அந்த வெல்வெட் திண்டோட!

ராவ்: எழுதறேன். ஒரே ஒரு சந்தேகம்… கேரம் தனியா ஆட முடியுமா?

ஹைமாவதி: …கூட யாரு?

ராவ்: தினம் ஒன்பதரைக்குக் கொல்லைப்பக்கமா வர்றா. முகம் தெரியாம துப்பட்டாவைப் போத்திக்கிட்டு.

ஹைமாவதி: லைப்ரரிக்குப் போறேன்னாளே!

ராவ்: எது, ஆக்லாந்து லைப்ரரிக்கா? ரெண்டு பேருக்கும் ஊர்ல தலைகாட்ட உத்தரவு இல்லை. வேற எங்கேதான் போவாங்க, பாவம்?

ஹைமாவதி: …அவ வந்து ரெண்டு மாசம் ஆச்சு, ராவ் காரு. சங்கத்துல மட்டும் சொல்லிடாதீங்க. இப்போ… இங்கேயா இருக்கா?

ராவ்: பதினாறு படி. பயண நேரம் அரை நிமிஷம்.