அணுவுலைக்குள் போன அச்சரக்கூடு

இரத்தினம்மா: ...இன்னும் கையெழுத்து வைக்கேல்லையே? தேத்தண்ணியும் ஆறிப்போச்சு, பேப்பரும் அப்பிடியே கிடக்கு.

அருட்பிரகாசம்: வைக்கமாட்டன் எண்டு சொன்னன் எல்லே.

இரத்தினம்மா: ஆழ்வாண்ணை, உங்கடை சிநேகிதருக்கு நீங்களாவது சொல்லுங்கோ. திங்கட்கிழமை ஒப்பிறேசன். போன மாசம் குடுத்த திகதியையும் விட்டாச்சு. இனியும் பிந்தினால் தான் பொறுப்பில்லை எண்டு டொக்குத்தர் சொல்லிப்போட்டார்.

ஆழ்வாப்பிள்ளை: என்ன மச்சான் இது? நெஞ்சுக்கை மூண்டு குழாய் அடைச்சுக் கிடக்கு எண்டுறாங்கள். நீ என்னெண்டால் அரையிலை கிடக்கிற நூலுக்குப் பிடிவாதம் பிடிக்கிறாய்.

அருட்பிரகாசம்: நூலில்லை. அறுணாக்கொடி. ஒரு ஆம்பிளையின்ரை அறுணாக்கொடியை எப்ப வெட்டுறவை? சொல்லு பாப்பம்.

ஆழ்வாப்பிள்ளை: ...செத்தால்.

அருட்பிரகாசம்: ஆ! நான் செத்திட்டனே?

இரத்தினம்மா: இந்தப் போக்கிலை போனால் கனநாள் இல்லை.

அருட்பிரகாசம்: கேட்டியே மச்சான், மனிசியின்ரை வாயை?

ஆழ்வாப்பிள்ளை: அவ சொல்லுறதிலை என்ன பிழை? உடம்பிலை ஒரு நூலும் ஒரு உலோகமும் இருக்கப்படாது எண்டு நேர்ஸ் பிள்ளை எனக்கு முன்னாலைதானே சொன்னது. ஒரு ரெண்டு மூண்டு மணித்தியாலம். பிறகு திரும்பக் கட்டலாம்.

அருட்பிரகாசம்: நீ கதையாதை. இந்தக் கூட்டை ஜேர்மனியிலை இருந்து கொண்டு வந்து தந்தவனே நீதான். அம்மா எனக்குக் கட்டிவிட்ட அச்சரக்கூடு. முப்பத்திமூண்டு வருசம் ஜேர்மன்காரன்ரை அணுவுலைக்குள்ளை கிடந்திட்டு, கொக்குவில் வரைக்கும் என்னைத் தேடி வந்திருக்கு. வந்து ஒரு கிழமை ஆகேல்லை, கழட்டி வைக்கட்டாம்!

இரத்தினம்மா: நீங்கள் உந்தக் கூட்டைக் கொண்டு வராமலே விட்டிருக்கலாம் அண்ணை.

ஆழ்வாப்பிள்ளை: அதைத்தான் தங்கச்சி நானும் வந்த நாளிலையிருந்து யோசிக்கிறன்.

இரத்தினம்மா: எனக்கு ஒண்டு விளங்கேல்லை. மாமி வெள்ளியிலை செய்விச்ச கூடு, ஐயரைக் கொண்டு மந்திரத் தகடு எழுதிப் போட்டவ எண்டு இவர் சொல்லுறவர். இது தகரமாக் கிடக்கு.

அருட்பிரகாசம்: அணுவுலைக்கை கிடந்தால் வெள்ளியும் தகரமாகும்.

இரத்தினம்மா: அப்பிடியே அண்ணை?

ஆழ்வாப்பிள்ளை: ம்... நான் படிச்சது பத்தாம் வகுப்புத் தங்கச்சி.

இரத்தினம்மா: சரி, அண்டைக்கு நடந்ததை நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. இவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுறார். போன தைப்பொங்கலுக்கு மகளுக்குச் சொல்லேக்கை ஏழு பொலிஸ்காரர் வந்து வெட்டினவங்கள்.

ஆழ்வாப்பிள்ளை: பொலிஸோ! ஒருத்தன்தான். அங்கை வாசலிலை சோதிக்கிற பெரிய மீசைக்காரன். கையிலை நகம் வெட்டுற கத்தரிக்கோல்.

அருட்பிரகாசம்: நகம் வெட்டுறதோ? ஆடு வெட்டலாம் அதாலை!

ஆழ்வாப்பிள்ளை: பேசாமலிரு. தங்கச்சி, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. நாங்கள் அகதியாப் போய் இறங்கி ரெண்டு வருசம். அந்த அணு மின்சார நிலையத்தை வருசத்துக்கு ஒருக்கா நிப்பாட்டிக் கழுவித் துடைப்பாங்கள். அதுக்கு ஆள் எடுத்தவங்கள். நாங்களும் போனம்.

அருட்பிரகாசம்: விளக்குமாறு பிடிக்கத் தெரியுமோ எண்டு கேட்டாங்கள். இவன் தெரியும் எண்டான். இவன் சீவியத்திலை சொன்ன முதல் பொய்.

ஆழ்வாப்பிள்ளை: உள்ளுக்குப் போக முதல் எல்லாத்தையும் கழட்ட வேணும். எல்லாம் எண்டால் எல்லாம். சேட்டு, சங்கிலி, மோதிரம், உள்ளுடுப்பு. பிறகு அவங்கடை உடுப்பு. உள்ளுக்கைப் போட்டிருக்கிறதும் அவங்கடைதான்.

இரத்தினம்மா: சீ! ஆர் ஆரோ போட்டதோ?

அருட்பிரகாசம்: தோய்ச்சுத்தான் தாறவங்கள்.

ஆழ்வாப்பிள்ளை: நாங்கள் எல்லாத்தையும் கழட்டினம். கொடியைக் கழட்டேல்லை.

அருட்பிரகாசம்: எப்பிடிக் கழட்டுறது? பிறந்து முப்பத்தோராம் நாள் கட்டினது. அவங்கள் கேட்ட பட்டியலிலை அறுணாக்கொடி இல்லை. ஜேர்மன் பாசையிலை அதுக்குச் சொல்லே இல்லையே! சொல் இல்லாததை எப்பிடிக் கழட்டச் சொல்லுவான்?

ஆழ்வாப்பிள்ளை: ஒட்டுற பட்டியாலை கூட்டை இடுப்போடை சேர்த்து ஒட்டிக்கொண்டு போனம். ரெண்டு பேரும். நான் நல்ல பிள்ளையா நிண்டு துடைச்சன். இவன் கெட்டிக்காரன் எண்டு காட்ட முழங்காலிலை இருந்து, வயித்தாலை ஊர்ந்து, ஒரு குழாய்க்குக் கீழை போய்த் துடைச்சான். தண்ணி. கொடி முழுக்க நனைஞ்சு போச்சு.

அருட்பிரகாசம்: வேலையெண்டால் வடிவாச் செய்யவேணும்.

ஆழ்வாப்பிள்ளை: செய்தாய். வெளியிலை வரேக்கை ஒரு மிசின் தங்கச்சி. கையைக் காலை உள்ளுக்கு விட்டுக்கொண்டு நிக்க வேணும். அணுக்கதிர் அழுக்குப் பட்டிருந்தால் கத்தும். நான் போனன், சத்தமில்லை. இவன் போனான்... ஊரே எழும்பியிருக்கும்!

அருட்பிரகாசம்: நாலுதரம் குளிக்க வார்த்தாங்கள். தலையைத் தேய்ச்சு, முதுகைத் தேய்ச்சு. கலியாணத்துக்குக் கூட என்னை அப்பிடி ஒருத்தரும் முழுக வார்க்கேல்லை.

இரத்தினம்மா: அப்பவும் கத்தினதோ?

ஆழ்வாப்பிள்ளை: கத்தினது. பிறகுதான் மீசைக்காரன் குனிஞ்சு பாத்தான். உதென்ன எண்டான். இவன் 'அம்மா, அம்மா' எண்டான். அந்த ஒரு சொல்தான் வாயிலை வந்தது. அவன் கத்தரிக்கோலை எடுத்தான்... இவன் விட்டான் பார் ஒரு அழுகை!

அருட்பிரகாசம்: அழேல்லை.

ஆழ்வாப்பிள்ளை: குழறினாய்.

அருட்பிரகாசம்: கண்ணுக்கை சவுக்காரம்.

ஆழ்வாப்பிள்ளை: அரைமணித்தியாலமாச் சவுக்காரமோ? மீசைக்காரனே பயந்து போனான் தங்கச்சி. வெட்டினதைக் குப்பைப் பீப்பாய்க்குள்ளை போடாமல், ஒரு சின்னப் பையிலை போட்டு, திகதி எழுதி, மேசை லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டினான். நல்ல மனிசன்.

இரத்தினம்மா: அதுதான் இப்ப வந்ததோ?

ஆழ்வாப்பிள்ளை: ஓம். இப்ப அந்த நிலையத்தை மூடி உடைக்கிறாங்கள் எல்லே. பழைய வேலைக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு, சூப்பும் பாணும் தந்து, ஒரு பொம்பிளைப் பிள்ளை மைக்கைப் பிடிச்சுக்கொண்டு, உங்கடை ஞாபகங்களைச் சொல்லுங்கோ எண்டு கேட்டுது.

அருட்பிரகாசம்: நீ என்ன சொன்னனி?

ஆழ்வாப்பிள்ளை: குளிச்சதுதான் ஞாபகம் எண்டன். பிள்ளை சிரிச்சுது. பிறகு ஒரு பையைக் காட்டி, உடைக்கேக்கை லாச்சிக்குள்ளை இருந்தது, அளந்து பாத்தம், இப்ப ஒரு சத்தமும் இல்லை, இது என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை, உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேட்டுது. நான் கையிலை இருந்த சூப்பை மேலிலை ஊத்திப்போட்டன்.

அருட்பிரகாசம்: நீ ஏன் ஊத்தினனி?

ஆழ்வாப்பிள்ளை: ...குளிர்.

அருட்பிரகாசம்: ஓகோ. அந்தப் பெரிய கோபுரம்? வெள்ளைப் புகை போறது?

ஆழ்வாப்பிள்ளை: பாதி இல்லை. கிட்டப் போய்ப் பாத்தன், ஏனோ தெரியேல்லை, கவலையா இருந்தது.

இரத்தினம்மா: கதையை மாத்தாதையுங்கோ. பேப்பர்! கையெழுத்து!

அருட்பிரகாசம்: நான் சொல்லுறன் கேள். கொடியை வெட்டின அதே கிழமை பனியிலை சறுக்கிக் காலை முறிச்சன். அடுத்த மாசம் விசா இல்லை, ஊருக்குப் போ எண்டு கடிதம். இது ஒரு துண்டுக் கொடியை வெட்டினதுக்கு. இப்ப நெஞ்சைப் பிளக்கேக்கை அம்மான்ரை கூடு இல்லாமல் கிடந்தால் என்ன நடக்கும்? ஒருக்கா விட்டன். இனி விடமாட்டன்.

இரத்தினம்மா: அப்ப என்னை இப்பிடியே விட்டிட்டுப் போகப்போறியளோ? ரெண்டு அடி நடந்தால் மதிலைப் பிடிக்கிறியள். நான் இரவிரவா முழிச்சிருந்து உங்கடை மூச்சைப் பாக்கிறன். இஞ்சாருங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்...

அருட்பிரகாசம்: இரத்தினம், நீ அழாதை.

இரத்தினம்மா: அழேல்லை. கண்ணுக்கை சவுக்காரம்.

ஆழ்வாப்பிள்ளை: மச்சான்... அந்தக் கூட்டைத் திற.

அருட்பிரகாசம்: என்ன?

ஆழ்வாப்பிள்ளை: திற எண்டுறன். மெழுகைச் சுரண்டினால் மூடி கழரும்.

அருட்பிரகாசம்: விசரே உனக்கு? அச்சரக்கூட்டை ஆரும் திறக்கிறவையே? மந்திரம் போயிடும்.

ஆழ்வாப்பிள்ளை: அதுக்குள்ளை மந்திரம் ஒண்டும் இல்லை. தங்கச்சி, நீங்கள் திறவுங்கோ.

இரத்தினம்மா: எனக்குப் பயமாக் கிடக்கு அண்ணை. அணுவுலை...

ஆழ்வாப்பிள்ளை: ஒண்டும் செய்யாது. ஒரு ஊசியாலை குத்துங்கோ. ம்... அப்பிடித்தான்.

இரத்தினம்மா: தகடு இல்லை. பேப்பர். மடிச்சு மடிச்சு... மஞ்சளாப் போச்சு. என்னண்ணை இது, பஸ் ரிக்கற் மாதிரி?

ஆழ்வாப்பிள்ளை: மாதிரி இல்லை. பஸ் ரிக்கற்தான். கொழும்புத்துறை பஸ். நான் வீட்டை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்குப் பட்டணத்துக்கு எடுத்தது.

இரத்தினம்மா: உங்கடை ரிக்கற் எப்பிடி மாமியின்ரை கூட்டுக்கை?

ஆழ்வாப்பிள்ளை: அது மாமியின்ரை கூடு இல்லை தங்கச்சி. என்ரை கூடு. ஊரிலை வெளிநாட்டுக்கு வெளிக்கிடுற பொடியங்கள் எல்லாருக்கும் தாய்மார் கட்டிவிட்டவை. எங்கடை அம்மா அதுக்கு முதல் வருசமே போயிட்டா. எனக்குக் கட்டிவிட ஒருத்தரும் இல்லை. வெறும் அரையோடை போக வெக்கமாக் கிடந்தது. பஸ் ஸ்ராண்டடிக் கடையிலை ஒரு தகரக்கூடு வாங்கினன். குலுக்கினால் வெறுங்கூடு எண்டு தெரியும் எண்டு ரிக்கற்றை மடிச்சு வைச்சு, மெழுகு ஊத்தி, நானே கட்டிக்கொண்டன்.

இரத்தினம்மா: ஐயோ அண்ணை...

ஆழ்வாப்பிள்ளை: உலைக்குள்ளை முதல் வேலை இரவு வேலை. அதுக்காகப் பின்னேரம் படுத்தம். இவன் குறட்டை. எனக்கு நித்திரை வரேல்லை. அணு, கதிர், வியாதி எண்டு ஆர் ஆரோ சொன்னதெல்லாம் மண்டைக்கை. எனக்கு அரையிலை இருக்கிறது பஸ் ரிக்கற். அவனுக்கு அரையிலை இருக்கிறது ஐயர் எழுதின தகடு. மெல்ல... அவன்ரை கொடியிலை இருந்த கூட்டை அவிழ்த்து எடுத்துப்போட்டு, என்ரையைக் கட்டிவிட்டன்.

இரத்தினம்மா: களவோ!

ஆழ்வாப்பிள்ளை: ஓம், களவுதான். ஒரு இரவைக்கு மட்டும், விடியத் திருப்பிக் கட்டுவம் எண்டுதான் எடுத்தனான். விடியேக்கை மீசைக்காரன் வெட்டிப்போட்டான். பிறகு என்னெண்டு சொல்லுறது? இவன் குழறிக்கொண்டு நிக்கிறான். ஒரு சப்பாத்து நூலை எடுத்து இவன்ரை அரையிலை கட்டிவிட்டன். அவ்வளவுதான் என்னாலை செய்ய முடிஞ்சது.

இரத்தினம்மா: அப்ப மாமியின்ரை வெள்ளிக்கூடு எங்கை?

ஆழ்வாப்பிள்ளை: இஞ்சை. என்ரை அரையிலை.

இரத்தினம்மா: அதுதானோ கிணத்தடியிலை பொம்பிளையள் மாதிரிச் சாரத்தை நெஞ்சுமட்டும் கட்டிக்கொண்டு குளிச்சனீங்கள்! நான் ஏதோ ஜேர்மன் நாகரிகமாக்கும் எண்டு நினைச்சன்.

ஆழ்வாப்பிள்ளை: மச்சான், ஏசு. அடிக்கிறதெண்டாலும் அடி. ஆனால் ஒண்டு கேள். தாயின்ரை கூடு இல்லாமல், வெறும் சப்பாத்து நூலோடை முப்பத்திமூண்டு வருசம் சீவிச்சிருக்கிறாய். கலியாணம் கட்டினாய், பிள்ளையைப் பெத்தாய், வீடு கட்டினாய். அப்பிடிப்பட்ட நீ மூண்டு மணித்தியாலம் சீவிக்க மாட்டியோ? கையெழுத்தை வை. இந்தா, உன்ரை கூடு. இப்பவே அவிழ்த்துத் தாறன்...

இரத்தினம்மா: என்னப்பா, வாயைப் பொத்திக்கொண்டு குனியிறியள்? நெஞ்சு நோகுதோ?

அருட்பிரகாசம்: நோகேல்லை. சிரிப்பை அடக்கிறன்.

ஆழ்வாப்பிள்ளை: சிரிப்போ?

அருட்பிரகாசம்: கையை எடு. அவிழ்க்காதை. அண்டைக்குப் பின்னேரம் நான் நித்திரை எண்டு உனக்கு ஆர் சொன்னது? உன்ரை கை நடுங்கின நடுக்கத்திலை என்ரை வயிறெல்லாம் கூசிச்சுது. சும்மா குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தனான். தாயில்லாத பொடியன், பயந்துபோனான், கொண்டு போகட்டும் எண்டு விட்டனான்.

ஆழ்வாப்பிள்ளை: அடப்பாவி... அப்ப ஏன்ரா அப்பிடி அழுதனி?

அருட்பிரகாசம்: உன்னட்டை இருந்த ஒரேயொரு கூட்டையும் நான் குழாய்க்குக் கீழை ஊர்ந்து துலைச்சுப்போட்டனே எண்டுதான் அழுதனான். அது பஸ் ரிக்கற் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்! இரத்தினம், பேனையைக் கொண்டா. கொடி, கூடு எல்லாம் சாட்டு. நெஞ்சைத் திறக்கிறது எனக்குப் பயம், அதைச் சொல்ல வெக்கம், அவ்வளவுதான். திங்கட்கிழமை கொடியை நானே அவிழ்த்துக் குடுக்கிறன். ஆனால் மச்சான், அம்மான்ரை கூடு உன்ரை அரையிலையே இருக்கட்டும். நான் உள்ளுக்கை மயங்கிக் கிடப்பன், எனக்கு ஒண்டும் தெரியாது. வாசலிலை நிண்டு நடுங்கப்போறவன் நீதானே.