தரை அதிரணும்

— குனிஞ்சுண்டே பேசாதீங்கோ, முத்துசெல்வம். நிமிர்ந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்கோ.

— நிமிந்துட்டேன் மாமி, நிமிந்துட்டேன். இந்த மாட்டுங்கா மரியாத தாராவிக்காரனுக்கு எப்பத்தான் வரப்போவுதோ! நா என்ன சொல்லுதேன்னா, உங்க காடி டிக்கில வேல ஏக்தம், மொத்தமா முடிஞ்சிட்டு. தொம்முனு அடிக்குத ஊஃபர் ஸ்பீக்கரு எங்கன இருக்கு, கண்டுபிடிங்க பாப்போம்.

— வாய்ல என்ன, மாவா பொகையிலையா? துப்பிட்டு வந்து பேசுங்கோ. ஒரு எழுத்து புரியல.

— தூ... இப்பம் சரியா? ஊஃபர் எங்கன இருக்குன்னு கேட்டேன்.

— எனக்கு என்ன தெரியும்? வெறும் தரைன்னா இருக்கு.

— அதான மாமி தொழிலு! ஸ்டெப்னி கெடந்த குழிக்குள்ள ஃபைபர் ஊத்தி, குழி எப்பிடி இருக்கோ அப்பிடியே பெட்டி வார்த்துட்டேன். பத்து இஞ்சு ஊஃபர் உள்ள மல்லாந்து கெடக்கு. மேல பலக, அதுக்கு மேல கார்பெட்டு. காய்கறிப் பைய வைங்க, சூட்கேச வைங்க, ஒருத்தனுக்கும் தெரியாது.

— ஸ்டெப்னிய என்ன பண்ணினேள்?

— முன் சீட்டுல உக்காத்தி வச்சி பெல்ட்டு போட்டுருக்கேன். சயான் சிக்னல்ல பஞ்சர் ஆச்சுன்னா அவர எழுப்புங்க.

— நன்னா இருக்கு. அம்பத்தெட்டு வயசுல எனக்குத் துணைக்கு ஒரு டயர்.

— மாமி, இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க. அந்தப் பக்கம் ரோட்டுச் சத்தம், ஒண்ணும் வெளங்கல. நேத்திக்கே முடிஞ்சிட்டுன்னு சொல்ல எட்டு தடவ போன் அடிச்சேன். ஏன் எடுக்கல?

— மெசேஜ் அனுப்புங்கோன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனோல்லியோ?

— நா படிச்சது முனிசிபல் ஸ்கூல்ல மராத்தி. தமிழ்ல எழுதச் சொன்னா எனக்கு ரெசின் கலக்குதது லேசு. சலோ, ஏறுங்க. பின் சீட்ட மடக்கிட்டேன், நீங்க சொன்ன மாதிரியே டிரைவர் பக்கம் பாத்து சம்மணம் போட்டு உக்காருங்க. மெதுவா. தல இடிக்கும்.

— அம்மாடி. இந்தப் பலகை தாங்குமா?

— உங்கள மாதிரி மூணு பேரத் தாங்கும். உங்க பென்டிரைவையே போட்டுருக்கேன்.

— சரி, போடுங்கோ.

— ...

— ம்? போடுங்கோன்னேனே.

— மாமி! பாட்டு ஓடிட்டுல்லா இருக்கு! எதுத்த இட்லிக்கடைக்காரன் கரண்டியோட எட்டிப் பாக்கான்!

— ஆங்... அது தெரியறது. தரை அசையலையேன்னு சொல்ல வந்தேன்.

— அசையாதே! எப்பிடி அசையும்? அதுக்குத்தான நம்ம கடைக்குப் பேரே! கீழ அதிர்வ அமுக்குத டேம்பிங் ஷீட்டு ரெண்டு அடுக்கு. பலகைக்கும் பெட்டிக்கும் நடுவுல சுத்திவர ரப்பர். இங்க பாருங்க, ஒரு டம்ளர் நெறையத் தண்ணி, உங்க கிட்டயே வைக்கேன். நா காத நம்புத ஆள் இல்ல, டம்ளரத்தான் நம்புவேன். ஒரு சொட்டு... சிந்துதா? ஒரு சொட்டு?

— ஐயையோ.

— ஏக்தம் பக்கா, என்ன?

— கெடுத்துட்டேளே, முத்துசெல்வம்.

— ஏ... மாமி? ஏன் கண்ணு கலங்குது? நா என்ன கொறை வச்சேன்?

— குறையே வைக்கல. அதுதான் கஷ்டம். எனக்கு சத்தம் வேண்டாம். தரை அதிரணும். உக்காந்தா உடம்புல ஏறணும். அதுக்குத்தானே தரைக்குள்ள வைங்கோன்னு கேட்டேன்.

— பத்து வருசம் இந்த நைன்ட்டி ஃபீட் ரோட்டுல கட போட்டிருக்கேன். வாரவன் அத்தன பேரும் ‘அண்ணா, காடி கடகடன்னு ஆடப்புடாது’ம்பான். ஆடணும்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?

— சொல்லக் கூச்சமா இருந்தது.

— யாருகிட்ட கூச்சம்? சொல்லுங்க.

— ஆத்துல ஒருத்தருக்குக் காது போயிடுத்து. கொஞ்சம் கொஞ்சமா ஆறு வருஷம், இப்போ சுத்தமா இல்ல. ஹரிதா இருக்காளே என் பொண்ணு, சான்பாடால இருக்கா, மிருதங்கம் வாசிக்கறா. ஞாயித்துக்கெழமை செம்பூர்ல கச்சேரி. பெரிய பாடகருக்கு முதல் தடவையா வாசிக்கப்போறா.

— நல்ல விசயந்தான?

— ஒம்பது வயசுலேர்ந்து அவளுக்கு ஒரு பழக்கம். மேடை ஓரத்துல ஆத்து மனுஷா உக்காந்து தாளம் போடணும். தனியா அவளை வாசிக்க விடற நேரத்துல அந்தக் கையைத்தான் பாப்பா. கை ஒரு இடம் தப்பிடுத்துன்னா அவளுக்குத் தெரிஞ்சுபோயிடும், காது போயிடுத்துன்னு. கச்சேரி அன்னிக்கா தெரியணும்? அவ கை நடுங்கிடாதா?

— ஓஹோ. மாமா பாவம்.

— ஆத்துல ஒருத்தர்.

— சரி, ஒருத்தர். காடில அதிர்ந்தா கச்சேரில எப்பிடி?

— மேடை மரப்பலகை. மிருதங்கத்துக்கு எடது பக்கம் தொப்பின்னு பேர், ‘தொம்’னு கனமா விழும். அது பலகை வழியா வரும். காதால கேட்டதை உடம்பால கேக்கப் பழகிக்கணும். இன்னும் நாலு நாள்தான் இருக்கு. அதுக்குத்தான் அவ சாதகம் பண்ணினதை பென்டிரைவ்ல வாங்கிண்டு வந்தேன்.

— நாலு நாளு தாராளம். எறங்குங்க. இல்ல, எறங்க வேண்டாம், அந்த ஓரமா நகந்துக்கிடுங்க. ஆறு ஸ்க்ரூ. ரப்பர உருவி எறிஞ்சிட்டு பலகைய பெட்டி மேல நேரா முறுக்கி வைக்கேன். ஷீட்டக் கிழிச்சிருதேன். எங்கையால ஒட்டுனத எங்கையாலயே கிழிக்கேன். பெத்த புள்ளைக்கு மொட்ட போடுத மாதிரி இருக்கு.

— பாவம் பண்ணினேன் நான்.

— ச்சே, நீங்க எதுக்கு? ...ரெண்டு... மூணு... ரப்பரு வரமாட்டேங்குதே, நல்லா ஒட்டித் தொலச்சிருக்கேன்.

— என்ன சொல்றேள்? பேசறதா இருந்தா நிமிர்ந்து பேசுங்கோ.

— ஒண்ணுமில்ல மாமி, என்னயவே திட்டிக்கிட்டேன். ...அஞ்சு... ஆறு. முடிஞ்சிட்டு. ஏறி உக்காருங்க. டம்ளரும் இருக்கட்டும். போடுதேன்.

— ...

— மாமி? டம்ளர் துள்ளுது பாருங்க! பாதித் தண்ணி வெளிய!

— வந்துடுத்து! தொப்பி வந்துடுத்து! இங்க, முட்டில ஏறறது, முதுகுல ஏறறது... அவதான்! இது ஹரிதாதான்! ஒண்ணும் பேசாதீங்கோ, கண்ண மூடிண்டு தாளம் போட்டுப் பாக்கறேன்.

— போடுங்க, போடுங்க. நா பின்னாடி நிக்கேன்.

— தக திமி தக ஜொணு... தக திமி தக ஜொணு...

— மாமி, ஒரு நிமிசம். சேல முந்தான ஸ்க்ரூவுல மாட்டிக்கிட்டு.

— தக திமி தக ஜொணு... இந்த இடத்துல வேகம் கூட்டி ஓடறா பாருங்கோ. சின்னதுலேர்ந்தே ஓடுவா.

— மாமி, முந்தான. கிழிஞ்சிரப் போவுது.

— தக திமி தக ஜொணு...

— விசாலாக்ஷி மாமி! ஒங்க முதுகுக்குப் பின்னாடி ஒரு சாண்ல நிக்கேன். கத்துதேன். இட்லிக்கடைக்காரனே திரும்பிப் பாத்துட்டான்.

— தக திமி...

— ...அட ஆண்டவரே. அப்பம் அந்த ஒருத்தர் நீங்கதானா? மூஞ்சியப் பாத்துப் பேசு, மாவாவத் துப்பு, போன் அடிக்காத... மாட்டுங்கா மரியாதன்னுல்லா நெனச்சேன் மடையன். மாமா மாமான்னு வேற ஏலம் போட்டுருக்கேன். போடுங்க மாமி, நல்லாப் போடுங்க. முந்தானய நானே எடுத்து விட்டுட்டேன். நா ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல. நீங்களா சொல்லுத வரைக்கும் மாமாவுக்குன்னே இருந்துட்டுப் போட்டும்.

— தக திமி தக ஜொணு...

— கை ஒரு எடத்துல தப்பலியே! எனக்குத் தாளம் தெரியாது, ஆனா டம்ளர்த் தண்ணி துள்ளுதப்ப ஒங்க கை விழுது. ஏக்தம் அதே நேரம். ஞாயித்துக்கெழம அந்தப் புள்ள ஒங்க கையப் பாத்துச் சிரிச்சிட்டு வாசிக்கும், பாருங்க.

— ...

— நிறுத்திட்டியளே, ஏன்? களைச்சுட்டியளா? சரி, உக்காந்திருங்க. கேக்காதவுககிட்ட சொல்லுதுக்கு என்ன. எனக்கும் வலது காது போயிட்டு மாமி. நாலு வருசமாச்சு. கட போடுததுக்கு முன்னாடியும் சேத்து இருவது வருசமா டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு பெட்டிக்குள்ள தலைய விட்டவனுக்கு வேற என்ன ஆவும்? எடது காதும் இப்பம் மங்குது. அதான் இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம் வாங்கன்னு எல்லாத்தயும் இழுக்கேன். அதான் டம்ளரு. எம் பொண்டாட்டி கனகவள்ளிக்கே தெரியாது. கூப்புட்டுத் திரும்பலன்னா திமிருன்னு நெனக்கா, நாலு நாளு பேசமாட்டா. நெனச்சிட்டுப் போட்டும். சொல்லவும் தைரியம் இல்ல. ராத்திரி படுத்தா பயமா இருக்கு மாமி, நெசமா. வெளிய தெரிஞ்சா, காது போனவன் கடைக்கு ஸ்பீக்கர் போட எவ வருவா, எவன் வருவான்?

— நான் வந்தேனே! கண்ணத் தொறந்து நாழியாச்சு, முத்துசெல்வம். டிரைவருக்கு மேல இருக்கற கண்ணாடில உங்க வாயசைவு நன்னாத் தெரியறது. கனகவள்ளிகிட்ட நீங்க சொல்லிடுங்கோ, ஹரிதாகிட்ட நான் சொல்லிடறேன்.