விளிம்பு வரைக்கும் ஊத்துன டீ

சுடுதா? சுடத்தான் செய்யும். தெக்குச் சீனாவுல, எங்க சாவ்ஜோ ஊர்ல டீயக் கொதிக்கக் கொதிக்கத்தான் குடிப்போம், தம்பி. ஆற வெச்சுக் குடிக்க இது என்ன கஷாயமா? இரு, நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். எம் பொண்ணு சூயினைக் கட்டிக் குடுங்கன்னு கேக்க வந்திருக்க. அது அப்புறம். எங்க வீட்ல டீ முடிஞ்சாத்தான் மத்த பேச்சு. டீ எப்ப முடியும்னா... நான் எப்பச் சொல்றனோ அப்ப.

குடி, குடி. என்ன, ஒரு எலுமிச்சம்பழத்துல பாதி இருக்குமா இந்தக் கோப்பை? இதுக்குப் போயி மூச்சு வாங்கற.

ஊத்துறப்பல்லாம் ரெண்டு வெரலால மேசையத் தட்டி நன்றி சொல்றியே, யாரு சொல்லிக் குடுத்தது? சூயினா? ம். வேற என்னென்ன சொல்லிக் குடுத்திருக்காளோ.

உன் ஊரு ஹார்பின்! நாட்டோட வடக்குக் கோடி. ரெண்டு நாள் ரயில்ல உக்காரணும். போய் எறங்குனா அரை வருஷம் பனி. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு, தெரியுமில்ல?

நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்துல சரித்திரம் நடத்துனவன். எதையும் வரிசையாத்தான் சொல்லுவேன், நடுவுல நெளியக் கூடாது. இங்க ஒரு மொற இருக்கு. விருந்தாளிக்கு டீ ஊத்துனா கோப்பையில பத்துக்கு ஏழு பங்குதான். மிச்ச மூணு பங்கு மரியாதைக்கு. அப்படியில்லாம விளிம்பு வரைக்கும் ஊத்துனா, ஐயா கெளம்புங்கன்னு அர்த்தம். வாயத் தொறக்கவே வேணாம். போன மாசம் இன்சூரன்ஸ்காரன் ஒருத்தன் வந்தான். ஒரே கோப்பை. செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஓடிட்டான். பக்கத்து வீட்டு உஸெங்குக்குக் கொஞ்சம் மந்த புத்தி, அவனுக்கு ரெண்டு வேணும்.

இப்ப உன் கோப்பையப் பாரு. பாத்தியா? காலையில ஒம்பது மணிலேர்ந்து இது பதினொண்ணாவது. அத்தனையும் இப்படித்தான், தளும்பத் தளும்ப. பதினோரு தடவ வெளிய போடான்னு சொல்லியிருக்கேன். நீ என்னடான்னா பதினோரு தடவ மேசையத் தட்டி நன்றி சொல்லியிருக்க! அடுக்களையில எம் பொண்டாட்டி சிரிச்ச சிரிப்புல பாத்திரத்தையே கீழ போட்டுட்டா, கேட்டுச்சில்ல?

என்னது? தெரியுமா?

எப்பலேர்ந்து? ரயில்லயே சொல்லிட்டாளா, அந்தக் கழுதை? அப்ப மொதக் கோப்பையிலயே உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வெரல் வெந்து போக உக்காந்திருக்க. அதுவும் ஒரு சொட்டு சிந்தாம.

ம்.

இரு, கெண்டிய அடுப்புல வெக்கிறேன். இந்தப் பழைய எலையக் கொட்டிட்டு வேற போடறேன். இது மேல் தட்டுல இருக்கறது, வர்றவன் போறவனுக்கெல்லாம் எடுக்கறதில்ல. என்ன பாக்கற? பதினோரு தடவ போன்னு சொல்லியும் நகராதவன், எம் பொண்ண விட்டுட்டு எங்க போயிடப்போறான்? வருஷப் பொறப்புக்கு மட்டும் ரெண்டு பேரும் இங்க வந்துடணும், அவ்வளவுதான்.

இந்தா. நல்லாப் பாத்துக்க, ஏழு பங்கு. தொடைய நெருக்கிக்கிட்டு உக்காந்திருக்கறத நானும் அப்பலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இதக் குடிச்சிட்டு ஓடு மாப்ள, கக்கூஸ் மாடிப்படிக்குக் கீழ இருக்கு.