வில்மாட் துரையின் கற்பூர மரப் பெட்டி

1926-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ஆம் தேதி காலை, கோர்ட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் திருட்டு வழக்கின் எதிரி சொல்ல எழுதிக்கொண்டது.

என் பெயர் செல்லாயி. புருஷன் பெயர் முனியாண்டி. வயது முப்பத்தெட்டு இருக்கும். குடியிருப்பு மெர்போக்கை அடுத்த புக்கிட் கெலாடி தோட்டம், கூலிகள் குடியிருக்கும் நான்காம் லயம். முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். ஏழு மாதமாக மலை பங்களாவில் கூட்டிப் பெருக்கும் வேலை. பங்களாவில் இருப்பவர் வில்மாட் துரை. அவர் முன்னே இந்த வட்டாரத்துப் போலீசுக்குத் தலைவராக இருந்தவர். வேலையை விட்ட பிறகு தோட்டத்தில் பங்கு வாங்கிக்கொண்டு வந்து தங்கியிருக்கிறார். அவருடைய கற்பூர மரப் பெட்டியை எடுத்தது நானா என்று கேட்கப்பட்டது. நான்தான் எடுத்தேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தோட்டத்துத் தண்ணீரைக் குடித்து லயத்தில் பிள்ளைகள் இறந்தன. எங்கள் மகனும் அதில் ஒருவன். அதன் பிறகு என் புருஷன் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு மனுக் கொடுக்க நடந்து போனார். வழியிலேயே அவரைப் பிடித்து போலீஸ் லோக்காப்பில் வைத்தார்கள். மூன்றாம் நாள் வில்மாட் துரை குதிரையில் லயத்துக்கு வந்து, என் புருஷன் தப்பி சயாமுக்கு ஓடிவிட்டதாகக் கங்காணியைச் சொல்லச் சொன்னார். கங்காணியும் சொன்னார். நான் நம்பினேன்.

அதன் பிறகு எனக்கு லயத்தில் சயாம்காரி என்று பெயர் வந்தது. அவர் அங்கே வேறு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அதையும் நம்பினேன். அவருக்குக் கைகால் விளங்காமல் போகவேண்டும் என்று மாரியம்மன் கோயிலில் மூன்று தடவை அம்மன்மேல் மிளகாய் அரைத்துப் பூசினேன். இதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மாதம் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை பகல், வில்மாட் துரையைப் பார்க்கப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் வந்தார். நான் வெராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வில்மாட் துரை கற்பூர மரப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, தன் மெடல்களையும் விசிலையும் பழைய படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அதன் பிறகு ஒரு வெள்ளித் தாயத்தை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அந்தத் தாயத்து என் புருஷன் இடுப்பில் கட்டியிருந்தது. அதன் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கல்யாணமான புதிதில், கழற்றி வைத்திருந்தபோது என் உலக்கை பட்டு நசுங்கியது. வேறொருவருடையதாக இருக்க முடியாது. நான் துடைத்து முடித்துவிட்டுத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன்.

எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை துரை கிளப்புக்குப் போன பிறகு, பெட்டியை அழுக்குத் துணிக்குள் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு வந்தேன். யாரும் தடுக்கவில்லை. அதன் பிறகு இங்கிலீஷ் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் யார் என்று கேட்கப்பட்டது. சொல்ல விருப்பமில்லை. அடித்தாலும் சொல்ல மாட்டேன்.

பெட்டியில் வருஷத்துக்கு ஒன்றாகச் சின்னக் கணக்குப் புத்தகம் போலப் பல நோட்டுகள் இருந்தன. அவற்றில் துரை நாள்தோறும் நடந்ததை எழுதியிருந்தார். என் புருஷனைப் பிடித்த வருஷத்து நோட்டை அந்த இங்கிலீஷ் தெரிந்தவர் தேடி எடுத்துப் படித்துக் காட்டினார். "முனியாண்டி என்ற கூலி விடிவதற்குள் இறந்தான். சார்ஜண்டும் நானும் புதைத்தோம். தப்பியதாக எழுதியாயிற்று. நாளை பெண்டாங் வயலில் உள்ளான் பறவை சுடப் போகிறோம்." இவ்வளவுதான். மறுநாள் பதினொரு உள்ளான் சுட்டதாக எழுதியிருந்தது. எங்கே புதைத்தார்கள் என்று எழுதவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார்.

அதே பெட்டியில் நீல நாடா கட்டிய கடிதங்கள் இருபத்தாறும், ஒரு பெண் குழந்தையின் படமும், காகிதத்தில் மடித்த மஞ்சள் முடியும் இருந்தன. துரையின் மகள் சீமைப் பள்ளிக்கூடத்திலிருந்து எழுதியவை என்றும், அந்தக் குழந்தை ஒன்பது வயதில் அங்கேயே காய்ச்சலில் இறந்ததாக வேறொரு நோட்டில் இருக்கிறது என்றும் படித்தவர் சொன்னார். இருபத்தாறையும் எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். பொழுது சாயும்வரை படித்தார். அதன் பிறகு கடிதங்களையும் படத்தையும் முடியையும் ரப்பர்ப் புகைக்கூடத்து அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டேன். நோட்டையும் தாயத்தையும் போடவில்லை. அவை கோர்ட்டில் இருக்கின்றன.

பத்தாம் தேதி காலை துரை தனியாக என் வீட்டு வாசலுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் வரும்.

"செல்லாயி, பெட்டி நீ எடுத்தது. திருப்பிக் கொடு. போலீஸ் கூப்பிட மாட்டேன்" என்றார்.

"முனியாண்டிய எங்க பொதைச்சீங்க தொரை?" என்று கேட்டேன்.

"எந்த முனியாண்டி?"

"சயாமுக்கு ஓடுனவரு. நான் அவரு பொஞ்சாதி."

துரை அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். ஏழு மாதத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. மற்றது எதுவும் வேண்டாம், கடிதம் மட்டும் போதும், அவை பத்திரமாக இருப்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

"பாப்பாவுக்கு முன்பல்லு ரெண்டு விழுந்திருச்சாம். அப்பா வந்தா காட்டணும்னு காயிதத்துல சுத்தி வச்சிருக்காம்" என்றேன்.

துரை வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு, "நாளைக்கு அந்த எடம் காட்டுறேன்" என்றார்.

பதினோராம் தேதி காலை கங்காணியும் வெட்டுக்காரர் ஆறு பேரும் மண்வெட்டியோடு வந்தார்கள். சுற்றியிருக்கும் லயத்து ஜனங்களும் வந்துவிட்டார்கள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். துரை ஆற்றங்கரைக்குப் போய், ரப்பர் நிரை முடிகிற இடத்தில் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். நான் பால் வெட்டிய காலத்தில் அது என் நிரை. நான்கு வருஷம் அந்த மண்மேல் நின்று பால் வெட்டியிருக்கிறேன்.

இடுப்பளவு தோண்டியதும் எலும்பு தெரிந்தது. கால் எலும்பு இரண்டிலும் இரும்பு விலங்கு பூட்டியபடியே இருந்தது. தோண்டியவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். கங்காணி தலைத்துண்டை எடுத்துவிட்டார்.

துரை என் பக்கத்தில் வந்து, "காட்டிட்டேன். கடிதம் கொடு" என்றார்.

"ஞாயித்துக்கிழமையே அடுப்புல போட்டுட்டேன் தொரை" என்றேன்.

"எல்லாமா?"

"முடியும் சேத்துதான்."

துரை மண்மேட்டில் உட்கார்ந்தார். "நீ வாக்குக் கொடுத்தது" என்றார். கடிதம் இருப்பதாக நம்பவைத்தேன் என்பது உண்மை. "இனிமே நீங்களும் காத்துக்கிட்டு இருங்க, வந்தாலும் வரும்" என்று சொன்னேன். இப்படிச் சொன்னதைக் கங்காணி உட்பட எல்லோரும் கேட்டார்கள். அதன் பிறகு துரையைப் பிடித்துத் தூக்கிவிட்டு பங்களாவுக்குக் கூட்டிப்போனார்கள். மாலையில் போலீசார் வந்து என்னைக் கைது செய்தார்கள்.

அந்தக் குழந்தை எனக்கு என்ன செய்தது என்று கேட்கப்பட்டது. ஒன்றும் செய்யவில்லை. நல்ல குழந்தை. அதன் கடிதங்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. துரை வந்து கேட்டாலும் ஒரு வரி சொல்ல மாட்டேன்.

என் புருஷனுடைய எலும்பு ஸ்டேஷனில் சாக்கில் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். விலங்கைக் கழற்றாமல் அப்படியே கோர்ட்டுக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டிய பிறகு என்னிடம் கொடுக்கவேண்டும். கொள்ளி வைக்க மகன் இல்லை. நானே வைப்பேன்.

மேலே கண்டதைத் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கடைசியில் "செய்ததற்கு வருந்துகிறேன்" என்று எழுதியிருந்த வரியை நான் சொல்லவில்லை. கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். அடிக்கப்பட்டது. மற்றதெல்லாம் சத்தியம்.

செல்லாயி, இடது கைப் பெருவிரல் ரேகை.