பழக்கடை போர்டில் இரண்டு ழ

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கை ஃபோனில் ஒரு பழக்கடை போர்டின் படத்தைக் காட்டினாள்.

"ராத்தா, இந்த 'ழ'வப் பாத்துத்தான் மாப்பிள்ளைக்கு ஓம் எண்டு சொன்னன்."

"'ழ'வுல என்ன புள்ள இரிக்கு?"

"வால் எப்பிடி வளைஞ்சிரிக்கு பாருங்க. அவரே பிரஷ் புடிச்சி எழுதினதாம்."

அக்கா படத்தைப் பெரிதாக்கினாள்.

"'பழம்', 'பழச்சாறு'. ரெண்டு 'ழ'வும் அச்சொட்டா ஒண்டுபோல இரிக்கு. கையால எழுதினா கொஞ்சமாவது பிசகும். இது கம்ப்யூட்டர் எழுத்து புள்ள."

நிந்தவூர் வரும்வரை தங்கை அந்த இரண்டு 'ழ'வையும் மாறி மாறிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கலியாணத்துக்குப் பொறகு அவரு நம்மட வீட்டுலதானே வந்து இரிக்கப்போறாரு?"

"ஓம்."

"அப்ப நிக்காஹுக்கு முந்தி பிரஷோட வந்து, நம்மட மதில்ல ரெண்டு 'ழ' எழுதச் சொல்லுங்க."